அறுப்பதற்கு முன்னுள்ள மஸ்அலாக்கள்

வெளியூர் செல்லும் நம்மவர் ஓர் உணவு விடுதியில் உட்கார்ந்தவுடன் கேட்கும் முதற் கேள்வி, "கறி யார் அறுத்தது?" என்பதாகும். நல்ல கேள்விதான், ஈமானுடைய உள்ளத்திலிருந்து எழும் கேள்வி. அதற்குச் சரியான விடை கிடைத்துவிட்டால் மனம் நிம்மதியாகி, 'பிஸ்மில்லாஹ்' சொல்லிக் கை நனைத்து விடுகிறோம். ஆனால் கத்தி கழுத்தைத் தொடுவதற்கு முன் அந்தப் பிராணிக்கு ஒரு வாழ்வு இருந்தது. அது எதைத் தின்றது, எங்கே நின்றது, நோயுற்றிருந்ததா, விற்றவர் எதையேனும் மறைத்தாரா என்பன பற்றியும் நம் ஃபிக்ஹு நூல்களில் பேச்சு உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

இதை எழுதும் நாமும் நினைத்துப் பார்த்தவர்களல்லர். ஒரு பெருநாளுக்கு முந்திய மாலை, பிராய்லர் கோழி விற்கும் கடையொன்றில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருந்தோம். கம்பிக் கூண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு அடுக்கு. மேல் தட்டிலுள்ள கோழிகளின் எச்சம் கீழ்த் தட்டுக் கோழிகளின் முதுகிலும் தீனித் தொட்டியிலும் விழுந்துகொண்டிருந்தது. கீழே இருந்தவை அதையே கொத்திக் கொண்டிருந்தன. நாம் அறுப்பவரிடம், "பிஸ்மில்லாஹ் சொல்லித்தானே அறுக்கிறீர்?" என்று கேட்டோம். "எல்லாம் ஹலால்தான், பாய்" என்றார் அவர். இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வீடு வந்தோம். கண்ணெதிரே நடந்துகொண்டிருந்த அந்த எச்சத்தின் விஷயம் மார்க்கத்தில் பெயரிட்டுப் பேசப்பட்ட விஷயம் என்பது அப்போது நினைவுக்கு வரவே இல்லை.

அல்லாஹுத்தஆலா தன் திருமறையில் மனிதர்களை நோக்கிப் பூமியிலுள்ளவற்றை உண்ணுமாறு கூறுமிடத்தில் 'ஹலால்' என்ற சொல்லோடு 'தய்யிப்' என்ற சொல்லையும் சேர்த்தே கூறுகிறான். அல்பகரா அத்தியாயத்தின் 168-வது ஆயத்தில் இதைக் காணலாம். ஹலால் என்றால் ஆகுமானது. தய்யிப் என்றால் நல்லது, தூய்மையானது, மனம் அருவருக்காதது. இரண்டாவது சொல்லுக்குத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் பல பொருள் கூறுவர். ஹலாலை உறுதிப்படுத்த வந்த சொல்லே அது என்போரும் உண்டு. அந்த வாதத்திற்குள் நாம் நுழையவில்லை. தய்யிப் என்ற சொல்லுக்கு நடைமுறையில் என்ன உருவம் இருக்க முடியும் என்று பார்ப்பதே இங்கு நம் நோக்கம். அதற்கு உதவியாக, முஸ்லிமல்லாத ஒரு விவசாயக் குடும்பத்தின் பண்ணையைச் சிறிது விரிவாக எடுத்துக் கொள்கிறோம். ஞானம் எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்வது நம் முன்னோர் வழக்கமே.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம், ஷென்னண்டோவா பள்ளத்தாக்கு, ஸ்வூப் என்னும் சிற்றூர். அங்கே 1961-ல் வில்லியம் சாலட்டின் என்பவர் தம் மனைவி மக்களோடு வந்து 550 ஏக்கர் நிலத்தை வாங்கினார். அதற்கு முன் அக்குடும்பம் வெனிசுவேலா நாட்டில் கோழிப் பண்ணை நடத்தி, அங்கு ஏற்பட்ட அரசியல் குழப்பத்தில் அதை இழந்து திரும்பியது. வாங்கிய நிலமோ பெரும்பகுதி காடு. புல் முளைக்கக் கூடிய திறந்த வெளி ஏறத்தாழ நூறு ஏக்கர்தான். அதுவும் பல தலைமுறை உழுது உழுது மேல்மண் கரைந்து, ஆள் மறையும் ஆழத்துக்கு ஓடைபோல் அரிப்பெடுத்துக் கிடந்தது. அந்நிலத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாமல் அவர் வெளியில் கணக்கர் வேலை பார்த்துக் கடனைக் கட்டினார். அவருடைய மகன் ஜோயல் சாலட்டின் பத்திரிகை நிருபராக இருந்து, 1982-ல் அவ்வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் பண்ணைக்கே வந்து சேர்ந்தார். பாலிஃபேஸ் என்பது பண்ணையின் பெயர். 2006-ல் மைக்கேல் போலன் என்ற எழுத்தாளர் உணவைப் பற்றி எழுதிய நூலில் இப்பண்ணைக்குப் பெரும் இடம் கொடுத்த பிறகு அது உலகப் புகழ் பெற்றது.

அங்கே என்ன செய்கிறார்கள்? மாடுகளைக் கொட்டகையில் கட்டித் தானியம் போட்டுக் கொழுக்க வைப்பதில்லை. எடுத்துச் செல்லக் கூடிய மின்வேலியால் புல்வெளியைச் சிறு சிறு துண்டுகளாக வளைத்து, ஒரு துண்டில் ஒரு நாள் மேயவிட்டு, மறுநாள் அடுத்த துண்டுக்கு ஓட்டி விடுகிறார்கள். மேய்ந்த இடம் பல வாரம் ஓய்வு பெறும். புல் மீண்டும் எழும். நம் பக்கத்தில் அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போடுவதை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். இரவுக்கிரவு கிடையை மாற்றி மாற்றிப் போட்டால் வயல் முழுவதும் புழுக்கை உரம் பரவும். ஏறக்குறைய அதே அறிவுதான் இது. அதைப் பகலிலும் ஆண்டு முழுவதிலும் நடத்துகிறார்கள்.

மாடுகள் ஓரிடத்தை விட்டு அகன்று மூன்று நாள் கழிந்ததும் அங்கே ஒரு வண்டி வரும். சக்கரம் வைத்த கோழிக்கூடு அது. ஏறத்தாழ நானூறு முட்டைக் கோழிகள் அதிலிருந்து இறங்கும். மூன்று நாள் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. சாணத்தில் ஈ இட்ட முட்டை புழுவாகிக் கொழுத்திருக்கும். இன்னும் ஈயாகிப் பறந்திருக்காது. கோழிகள் சாணத்தைக் கிளறிக் கிளறி அப்புழுக்களைத் தின்னும். புழு ஒழிவதால் ஈத் தொல்லை குறையும். சாணம் சிதறிப் புல்லுக்கு எருவாகும். புழுவைத் தின்ற கோழிக்குத் தீனிச் செலவும் மிச்சம். கறிக்கோழிகளுக்கு வேறு ஏற்பாடு: பத்தடிக்குப் பன்னிரண்டடி, இரண்டடி உயரம், அடித்தட்டில்லாத கூண்டு, ஒன்றில் எழுபது கோழி வரை. அதை நாள்தோறும் ஒரு கூண்டளவு முன்னே இழுத்து வைப்பார்கள். நேற்றைய எச்சத்தின்மேல் இன்று எந்தக் கோழியும் நிற்பதில்லை. பெருங்கம்பெனிகளுக்காக வளர்க்கும் கொட்டகைகளிலோ ஒரே கூரையின் கீழ் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கோழிகள், தாம் இட்ட எச்சம் கலந்த தரையிலேயே வாழ்நாள் முழுவதும் நிற்கின்றன.

இனி மஸ்அலாவுக்கு வருவோம்.

மேலே சொன்ன சாணம் கிளறும் கோழியைப் பற்றிப் படித்தவுடன் மார்க்கம் அறிந்த ஒருவருக்கு உடனே ஒரு சந்தேகம் எழும். அது ஜல்லாலா அல்லவா? 'ஜல்லாலா' என்பது அசுத்தத்தைத் தின்னும் பிராணிக்கு ஃபிக்ஹு நூல்கள் தரும் பெயர். அதன் இறைச்சியையும் பாலையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இருக்கிறது. மாட்டுச் சாணம் ஷாபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளில் நஜீஸ். மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகளில் இறைச்சி உண்ண ஆகுமான பிராணியின் சாணம் சுத்தமே. நம்மவரில் பெரும்பாலோர் முதலிரண்டு மத்ஹபைச் சேர்ந்தவர்களாதலால் சந்தேகம் நியாயமானதே.

இங்கே இன்னொரு ஹதீஸைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் கோழிக்கறி உண்டு கொண்டிருந்தபோது அங்கிருந்த ஒருவர் ஒதுங்கி நின்றார். அழைத்துக் கேட்டதற்கு, கோழி அசுத்தம் எதையோ தின்பதைத் தாம் கண்டதாகவும், அருவருப்புற்று இனி அதை உண்பதில்லை எனச் சத்தியம் செய்துவிட்டதாகவும் சொன்னார். நபி (ஸல்) அவர்கள் கோழி உண்பதைத் தாம் பார்த்திருப்பதாக அபூமூஸா (ரலி) அவர்கள் கூறி, அவரையும் உண்ண அழைத்தார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியிருக்கிறது. கோழி என்றால் கிளறத்தான் செய்யும்; கண்டதைக் கொத்தத்தான் செய்யும். அதற்காகவே அது ஜல்லாலா ஆகிவிடாது என்பது இதிலிருந்து விளங்குகிறது.

பின் எப்போது ஆகும்? தீனியில் அசுத்தமே மிகைத்திருந்தால் ஜல்லாலா என்று சிலர் அளவு கூறினார்கள். இமாம் நவவீ (ரஹ்) போன்ற ஷாபிஈ மத்ஹபின் பெரியோர்கள், தீனியின் கணக்கை விட இறைச்சியின் நிலையையே பார்க்க வேண்டும் என்றார்கள். பிராணியின் வாடையிலோ இறைச்சியிலோ அசுத்தத்தின் அடையாளம் வெளிப்பட்டால் அதை உண்பது மக்ரூஹ் என்பதே நவவீ இமாம் அவர்களிடம் மிகச் சரியான சொல். ஹராம் என்ற சொல்லும் மத்ஹபில் உண்டு. அத்தகைய பிராணியை அடைத்து வைத்துச் சுத்தமான தீனி கொடுத்து, இறைச்சி நல்ல நிலைக்குத் திரும்பிய பின் அறுத்தால் குறையில்லை. இப்னு உமர் (ரலி) அவர்கள் இத்தகைய கோழியை மூன்று நாள் அடைத்து வைத்தே அறுப்பார்கள் என்று வந்திருக்கிறது. கோழிக்கு மூன்று நாள் என்பது இதனாலேயே நூல்களில் நிலைத்தது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் சொல்லப்படும் நாட்கணக்கு மத்ஹபுக்கு மத்ஹபு மாறும். ஷாபிஈ நூல்களில் ஆட்டுக்கு ஏழு நாள் சொல்லப்படுகிறது. நாட்கள் ஒரு மதிப்பீடுதான். வாடை நீங்கி இறைச்சி நல்லதாவதே குறி.

இப்போது அந்தப் புல்வெளிக் கோழியைப் பாருங்கள். அது தின்பது புல், பூச்சி, புழு, அதோடு பண்ணையார் வைக்கும் தானியம். சாணம் அதற்கு உணவல்ல. உணவைத் தேடும் இடம். காற்றிலும் வெயிலிலும் திரிவதால் அதன் மேனியில் வாடையில்லை. மேற்சொன்ன அளவுகோலின்படி அதை ஜல்லாலா என்று சொல்ல வழியில்லை என்பதே நம் எண்ணம். சாணத்தைக் கிளறிய கோழி தப்பிவிட்டது. ஆனால் நாம் பெருநாளைக்கு வாங்கிய கோழி? நான்கடுக்குக் கூண்டின் கீழ்த்தட்டில், பிற கோழிகளின் எச்சம் விழுந்த தீனியை அது கொத்திக் கொண்டிருந்ததை நாமே கண்ணால் கண்டோமே! கடைக்கு வந்து அரை நாள் அப்படி நின்றதனால் அதன் இறைச்சி கெட்டுவிட்டதென்று சொல்லமாட்டோம். ஹலாலானதை ஹராம் என்று கூறும் துணிச்சல் நமக்கு வேண்டாம். எனினும் இந்த மஸ்அலா கிதாபில் மட்டும் இருப்பதல்ல, சந்தைத் தெருவிலும் இருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது. முன்பெல்லாம் நம் வீட்டுப் பெரிய மனுஷிகள், தெருவில் மேய்ந்த கோழியைப் பிடித்ததும் அறுத்துவிட மாட்டார்கள். பஞ்சாரத்தில் கவிழ்த்து நெல்லும் நொய்யும் போட்டு இரண்டு மூன்று நாள் வைத்திருந்துதான் அறுக்கச் சொல்வார்கள். 'குடல் சுத்தமாகட்டும்' என்பார்கள். ஹதீஸ் கிதாபைப் புரட்டியறியாத அவர்களிடம் அந்த அமல் இருந்தது.

தீனியைப் பற்றிப் பேசும்போது நடுநிலையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாலிஃபேஸ் பண்ணையின் மாடுகள் புல்லைத் தின்றே வளர்கின்றன. கோழிகளோ முழுக்கப் புல்லால் வளர்வதில்லை. அவற்றுக்கு வேண்டிய தானியத்தின் பெரும்பகுதி வெளியிலிருந்தே வருகிறது. கறிக்கோழி இனமும் பெருங்கம்பெனிகள் வளர்க்கும் அதே வேக வளர்ச்சி இனம்தான். எட்டு வாரத்தில் அறுப்புக்கு வந்துவிடும். இக்குறைகளை 2012-ல் ஒரு வரலாற்றுப் பேராசிரியர் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் எடுத்தெழுதினார். சாலட்டினும் மறுமொழி எழுதினார். ஆகவே அப்பண்ணையைச் சொர்க்கத்தின் துண்டு என்று நாம் கொண்டாட வரவில்லை.

நம்மை அதிகமாகச் சிந்திக்க வைத்தது அவர்கள் வளர்க்கும் முறையை விட விற்கும் முறை. அக்குடும்பம் தன் இறைச்சியை உண்பவருக்கே நேராக விற்கிறது. பண்ணையிலேயே கடை. சுற்றுப்புற நகரங்களில் குடும்பங்கள் சேர்ந்து கூட்டாக எழுதிக் கொடுத்தால் குறித்த நாளில் குறித்த இடத்தில் வண்டி வந்து நிற்கும். போலன் நூலுக்காக ஒரு கோழியையும் மாட்டுக்கறித் துண்டையும் பார்சலில் அனுப்பக் கேட்டபோது அவர்கள் மறுத்துவிட்டார்கள். வேண்டுமானால் நேரில் வந்து பார்த்து வாங்கிக் கொள்ளட்டும் என்பது பதில். அவர் சென்றார், ஒரு வாரம் அங்கேயே உழைத்தார், கோழியறுக்கும் வேலையிலும் நின்றார். (அண்மை ஆண்டுகளில் இவர்களும் நாடெங்கும் பார்சல் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். வியாபாரம் பெருகினால் கொள்கை சற்று நெகிழத்தான் செய்கிறது போலும்!) ஆனால் ஒரு வழக்கத்தை விடவில்லை. யாரும் எந்த நாளும் முன்னறிவிப்பின்றி வந்து பண்ணையில் எதையும் பார்க்கலாம்; பூட்டிய கதவு இல்லை.

வாசகர்கள் இங்கே மதீனத்துச் சந்தையை நினைத்துக் கொள்ளுங்கள். தானியக் குவியல் ஒன்றின் அருகே சென்ற நபி (ஸல்) அவர்கள் அதனுள் கைவிட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்னவென்று வினவ, மழை பட்டுவிட்டது என்றார் விற்பவர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். முஸ்லிமில் வரும் செய்தி இது. தானியம் நனைந்தது விற்றவரின் குற்றமல்ல, மழையின் செயல். அடியில் வைத்ததே குற்றம். குறையுள்ள பொருளை விற்கலாம். குறையைச் சொல்லி விற்க வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை விளக்கினால் இருவர் வியாபாரத்திலும் பரக்கத் உண்டு என்றும், மறைத்தால் அது அழிக்கப்படும் என்றும் மற்றொரு ஹதீஸ் கூறுகிறது.

ஈரத்தைச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. அமெரிக்கப் பெரிய ஆலைகளில் அறுத்த கோழிகளைக் குளிர்ந்த நீர்த் தொட்டியில் ஊற வைத்துக் குளிர்விப்பது வழக்கம். அப்போது இறைச்சி நீரை உறிஞ்சிக் கனக்கும். அந்த நீரும் கறி விலைக்கே விற்றது. எத்தனை சதவீதம் நீர் தங்கியிருக்கிறது என்பதை மேலுறையில் அச்சிட வேண்டுமென்ற விதியை அந்நாட்டு அரசு 2001-ல் வெளியிட்டது. நனைந்த தானியத்தை மேலே வை என்ற அதே கட்டளைதான், ஆயிரத்து நானூறு ஆண்டுக்குப் பின் கோழிக்கு வந்திருக்கிறது!

இறைச்சி வியாபாரத்தில் மறைப்புக்கு இடம் அதிகம் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். 12-ம் நூற்றாண்டில் ஷாம் தேசத்தில் வாழ்ந்த ஷைஸரீ என்பவர் சந்தைக் கண்காணிப்பாளராகிய முஹ்தஸிபுக்கு வழிகாட்டியாக ஒரு நூல் எழுதினார். அதில் கறிக்கடைக்காரர்களுக்கென்று தனிப் பகுதியே உண்டு. வெள்ளாட்டுக் கறியையும் செம்மறிக் கறியையும் கலக்கக் கூடாது. வெள்ளாட்டுக் கறியில் குங்குமப்பூச் சாயத்தால் அடையாளமிட வேண்டும். விற்றுத் தீரும்வரை அதன் வாலைக் கறியிலிருந்து நீக்கலாகாது என்பன போன்ற ஒழுங்குகள். இன்றைக்கு எத்தனை கடையில் வால் தொங்குகிறது? கிடாக்கறி என்று வாங்கிவந்து, குக்கரில் எத்தனை விசில் வைத்தும் வேகாமல், அது ஈன்று கழித்த கிழ ஆடு என்று அடுப்பங்கரையில் கண்டுபிடிக்கும் அனுபவம் நம் வாசகர்களில் பலருக்கு இருக்கும். நமக்கு இரண்டு முறை உண்டு. அறுப்பு சரிதான், பிஸ்மியும் சரிதான், வியாபாரத்தில்தான் கோளாறு.

அறுப்பைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. இதே பக்கங்களில் பலமுறை வந்திருக்கிறது. மூச்சுக்குழலும் உணவுக்குழலும் முழுமையாக அறுபடுவது ஷாபிஈ மத்ஹபில் கட்டாயம். பக்கத்து நரம்புகள் இரண்டையும் சேர்த்த நான்கில் மூன்று அறுபடுவது ஹனஃபீ மத்ஹபில் வேண்டும். பிஸ்மில்லாஹ் சொல்வது ஷாபிஈயில் சுன்னத். ஹனஃபீயில் கடமை, மறந்தால் மன்னிப்புண்டு. கத்தி படும்போது பிராணியில் உறுதியான உயிர் இருக்க வேண்டும். இவற்றோடு, எச்செயலிலும் அழகு வேண்டும் என அல்லாஹ் விதித்திருப்பதாகவும், அறுக்கும்போது கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணிக்கு இலகு செய்யுமாறும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். ஆட்டைக் கீழே வீழ்த்தி வைத்துக்கொண்டு அதன் கண்முன்னே கத்தி தீட்டியவரை, இதை இருமுறை சாகடிக்க விரும்புகிறீரா என்று கடிந்து கொண்டதும் ஹதீஸில் உண்டு. ஒரு கோழியின் எதிரில் மற்றொரு கோழியை அறுப்பது நம் கடைகளில் சாதாரணமாகிவிட்டது. அது அறுப்பைக் கெடுக்காது. ஆனால் அழகைக் கெடுக்கும்.

பாலிஃபேஸ் பண்ணையில் கோழிகளைப் பண்ணையிலேயே, பக்கச்சுவரில்லாத கொட்டகையில், புனல் வடிவத் தகரக் கூம்பில் தலைகீழாக நிறுத்திக் கழுத்தறுக்கிறார்கள். ஆண்டுக்கு 20,000 கோழிகளுக்குள் தாமே வளர்த்து அறுத்து விற்பவருக்கு, கோழி ஒவ்வொன்றையும் அரசு ஆய்வாளர் பார்க்க வேண்டும் என்பதிலிருந்து அந்நாட்டுச் சட்டம் விலக்களிக்கிறது. சுவரில்லாத இடம் சுகாதாரமாகுமா என்று அதிகாரிகள் வழக்காடியதும் உண்டு. வெளிக்காற்றும் வெயிலும் வருவதோடு, வாங்க வருபவர் நின்று பார்க்கவும் முடிகிறது என்பது குடும்பத்தாரின் வாதம். மாட்டுக்கு அந்த விலக்கு இல்லை. ஆய்வாளர் உள்ள அறுப்புக்கூடத்துக்கு அனுப்பித்தான் விற்கலாம். 1958-ல் அமெரிக்காவில் இயற்றிய அறுப்புச் சட்டம் கால்நடைகளை மயக்கமூட்டி அறுக்கச் சொன்னபோது, சமய முறைப்படி அறுப்பதையும் முறையான அறுப்பாகவே ஏற்றது.

அப்படியானால் அந்தப் பண்ணையின் இறைச்சியை நாம் வாங்கலாமா என்று ஒருவர் கேட்பார். நாம் அதை வாங்கச் சொல்லி இதை எழுதவில்லை. அறுப்பவர்கள் கிறிஸ்தவர்கள். வேதம் அருளப்பட்டவர்களின் உணவைப் பற்றி அல்மாயிதா அத்தியாயத்தில் வந்திருந்தாலும், அதன் நிபந்தனைகளில் நம் மத்ஹபுகளுக்கிடையே கடுமையும் இலேசும் உண்டு. ஷாபிஈயில் கடுமை அதிகம். மேலும் அப்பண்ணையில் பன்றியும் வளர்க்கிறார்கள்; கடையில் அதன் இறைச்சியும் விற்பனையாகிறது. ஆகவே அது நமக்குப் பாடம், கடையல்ல.

கடையே வேண்டுமென்பார்க்கு இங்கிலாந்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு நகருக்கருகே வில்லோப்ரூக் என்ற பண்ணையை ஒரு முஸ்லிம் குடும்பம் 2002-ல் தொடங்கியது. குடும்பத் தலைவர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். ஏறத்தாழ 45 ஏக்கரில் கோழி, ஆடு, மாடு வளர்த்து, ஹலாலோடு தய்யிப் என்ற சொல்லையும் முன்வைத்து நேராக விற்பனை செய்தார்கள். களிமண்ணும் வைக்கோலும் குழைத்து வீடும் கட்டிக் கொண்டார்கள். அந்நாட்டில் மயக்கமூட்டாமல் சமய முறையில் அறுப்பது அங்கீகாரம் பெற்ற அறுப்புக்கூடத்தில்தான் நடக்கலாம் என்பது சட்டம். ஆகவே நல்ல முறையில் வளர்த்தாலும் நல்ல முறையில் அறுக்க இடம் தேடும் பாடு அத்தகைய சிறு பண்ணைகளுக்கு உண்டு.

இவையெல்லாம் பணக்காரர் பேச்சு என்று சிலர் சொல்லக்கூடும். அதில் நியாயமில்லாமலில்லை. புல்லில் மேய்ந்த பிராணியின் கறி எந்த நாட்டிலும் விலை கூடுதல்தான். வாரத்தில் நான்கு நாள் பிராய்லர் உண்ணும் வீடு, அதே பணத்துக்கு இரண்டு நாள்தான் இதை உண்ண முடியும். ஆனால் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் பல நாட்கள் அடுப்பெரியாமல் பேரீச்சம் பழமும் தண்ணீருமே உணவாக இருந்தது என்பதைப் படித்துக் கண் கலங்கும் நாம், நான்கு நாள் கறி இல்லையென்றால் என்ன என்றும் கேட்டுப் பார்க்கலாம். ஏழைக்கு நாம் இதைச் சொல்லமாட்டோம்; மலிவாகக் கிடைக்கும் ஹலாலான கோழி அவருக்கு அல்லாஹ் கொடுத்த ரிஜ்க். வசதியுள்ளவருக்கே சொல்கிறோம்.

அவர் செய்யக் கூடியது கடினமுமல்ல. வெர்ஜீனியாவுக்குப் போக வேண்டியதில்லை. நம் ஊர்களின் புறத்தே தரிசிலும் கண்மாய்க் கரையிலும் ஆடு மேய்க்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்களிடமிருந்து ஆடு தரகர், சந்தை, மொத்த வியாபாரி என்று கை மாறி நம்மிடம் வருவதற்குள், அது எதைத் தின்று வளர்ந்தது என்ற செய்தி முதற்கையிலேயே நின்றுவிடுகிறது. நாலைந்து குடும்பம் சேர்ந்து மேய்ப்பவரிடமே நேரில் ஓர் ஆட்டை விலைபேசி, நம்மில் அறுக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு அறுத்துப் பங்கிட்டுக் கொண்டால், யார் வளர்த்தார், என்ன தின்றது, யார் அறுத்தார் என்ற மூன்றுக்கும் விடை அந்த நாலைந்து வீட்டுக்கும் தெரியும். விலையிலும் மேய்ப்பவருக்குச் சேர வேண்டியது முழுதாகச் சேரும். ஊர் எல்லைக்குள் அறுப்பதற்குள்ள விதிகளை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சமயம், வயிறு முதுகோடு ஒட்டிய ஒட்டகத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், வாயில்லாத இப்பிராணிகள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுமாறும், நல்ல நிலையில் அவற்றில் ஏறுமாறும், நல்ல நிலையில் அவற்றை உண்ணுமாறும் சொன்னார்கள் என்று அபூதாவூதில் இருக்கிறது. உண்ணும் விஷயத்தில் பிராணியின் உடல்நிலையைச் சேர்த்துச் சொன்ன இந்த ஹதீஸை நாம் குர்பானி ஆட்டுக்கு மட்டும் எடுத்துக் கொள்கிறோம். கண் குருடா, கால் நொண்டியா, காது அறுந்ததா என்று அன்றைக்குப் பார்க்கும் பார்வை மற்ற நாட்களில் காணாமல் போகிறது.

வாங்கிய ஆட்டைக் குப்பைமேட்டில் மேய்ந்ததென்று சந்தேகித்தால், மேலே சொன்ன ஏழு நாள் வீட்டிலோ தோட்டத்திலோ கட்டி அகத்திக்கீரையும் வேப்பங்குழையும் தவிடும் கொடுத்து வையுங்கள். பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்து விடுவார்கள். அறுக்கும் நாளில் அழுவார்கள். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனால் அந்த ஏழு நாளும் வேளை தவறாமல் அதற்குத் தண்ணீர் வைக்கும் பொறுப்பு யாருடையது என்பதை, ஆட்டைப் பிடித்து வரும் அன்றே வீட்டாரிடம் பேசி முடிவு செய்து கொள்ளுங்கள்.